ஆறாம் மாடிச் சன்னல்

வியாழன், காலை 6.00. 2006 மார்ச் மாதம். எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வாடகைக் காருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஷீலா வீட்டுக்குப் பதினேழு நாள் பயணம். எங்கள் சபைப் பத்திரிகைக்காரர்கள் போய்வந்ததைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஒட்டகத்தையும் பேரீச்சம்பழத்தையும் எழுதலாம்தான். ஆனால் பேனாவை எடுத்தால் நான் வெட்கப்பட்ட கதைதான் வருகிறது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் முதுகுளத்தூர் முருகேசன். ஒப்பந்த வேலையில் மூன்றாம் முறையாகப் போகிறவர். இறங்கும்போது கொடுக்க வேண்டிய அட்டையை நிரப்பித் தரச் சொன்னார். என் பெட்டியில் செருகியிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க வெள்ளிக்கிழமதான் சார் ஞாயித்துக்கிழம. உங்க ஆளுகளும் அன்னைக்குத்தான் சாமி கும்புடுவாங்க" என்றார். ஆண்டவருடைய நாளை யார் மாற்றினார்கள் என்று எனக்கு அப்போதே ஒரு கடுப்பு.

பிற்பகல் குவைத். விமான நிலையத்திலிருந்து ஷீலா இருக்கும் மங்காஃப் முப்பது கிலோமீட்டர். மருமகன் டேனியல் காரோட்டினான். மண்ணின் நிறத்திலேயே வானமும் இருந்தது. வீடு எட்டு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. கட்டடத்தின் நடுவில் தரையிலிருந்து மொட்டை மாடிவரை கிணறுபோல ஒரு திறப்பு. எல்லா வீட்டுச் சமையலறைச் சன்னலும் அதைப் பார்த்துத்தான் இருந்தது. எந்த வீட்டில் மீன், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் அதன் வழியே தெரிந்துவிடும்.

வெள்ளி, காலை 8.00. டேனியலுக்கு டூட்டி. நானும் ஷீலாவும் நகரத்திலிருக்கும் கோவிலுக்குப் பஸ்ஸில் போனோம். நாற்பது கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது ஃபில்ஸ், நம் பணத்தில் ஏறக்குறைய நாற்பது ரூபாய். ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள். நமக்குக் கொடுத்த நேரம் முடிவதற்குள் பிலிப்பைன்ஸ்காரர்கள் கிதாரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கடைசிப் பாட்டைக் குருவானவர் ஓட்டமாக ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்தவன். கோவிலில் முப்பத்தோரு வருடம் பாடகர் குழுத் தலைவன். யாராவது அரைக் கட்டை இறங்கிவிட்டால் எனக்குப் பல் கூசும். அன்று முழுக்கக் கூசியது.

மாலை 5.00. ஷீலா வீட்டில் வாராந்தர ஜெபக்கூட்டம். பதினாலு பேர். ஆறாம் மாடியிலிருந்து ஆல்பர்ட்டும் அவர் மனைவி கிரேஸும் வந்திருந்தார்கள். ஆல்பர்ட் டேனியலுக்கு மேலதிகாரி. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, வேலைக்கு நிற்கும் பெண் பார்த்துக்கொள்கிறாள் என்று கிரேஸ் சொன்னாள். நான் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாம் சரணத்தில் சமையலறைப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. எங்களுக்கு அரை வரி பிந்தி. மூன்றாவது வரியில் நாங்கள் மேலே போக, அது கீழே போனது. யாரோ விஷமத்துக்குச் செய்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வெள்ளி, மாலை 5.00. அன்று என்னைச் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் பண்ண, சொல்லியிருந்தார்கள். கஷ்டகாலத்தில் நம்பிக்கை என்பது தலைப்பு. சம்பளம் நின்றவர், ஊரில் தாயை இழந்தும் போக முடியாதவர் என்று அங்கே வந்தவர்களில் கஷ்டப்படாதவர் குறைவு. மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பு எழுதியிருந்தேன். சிறைக்குள் காலைத் தொழுமரத்தில் மாட்டியிருந்தும் பாடிய இரண்டு அப்போஸ்தலர்களை வைத்துப் பேசுவதாகத் திட்டம்.

முதல் பாட்டிலேயே அந்தக் குரல் வந்துவிட்டது. அடுப்பில் பிரியாணி கொதித்ததால் ஷீலா சன்னலை மூடக் கூடாது என்றுவிட்டாள். நான் பாட்டை நிறுத்தினேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற என் குரலில், "யாரோ நம்ம ஜெபத்தக் கேலி பண்ணுதாங்க. அந்த வாட்ச்மேன்கிட்டச் சொல்லி, யாருன்னு பாத்து வாய மூடச் சொல்லணும்" என்றேன். கிரேஸ் முகம் கறுத்துப்போய் எழுந்து, பிள்ளைக்குப் பால் நேரம் என்று சொல்லிவிட்டு மேலே போனாள். நான் செய்தியைத் தொடங்கினேன். அப்போஸ்தலர்கள் பாடத் தொடங்குகிற இடத்துக்கு வந்தபோது, மேலே எங்கோ சன்னல் ஒன்று இழுத்து மூடப்படும் சத்தம் கேட்டது. அதன்பின் குரல் இல்லை. அவர்களுடைய சிறைக் கதவு தானாகத் திறந்ததைச் சொல்லி, பூட்டிய கதவுகளைத் தேவன் திறப்பார் என்று முடித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு அன்று பிரியாணி நன்றாக இறங்கியது.

செவ்வாய், காலை 11.00. கீழே பெட்டிக்கடையில், அங்கே அதைப் பக்காலா என்பார்கள், ஐம்பது ஃபில்ஸுக்கு ஒரு கட்டு குபூஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். குப்பை போட வந்த ஒரு பெண்ணும் ஏறினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் கீழே இறங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஐயாதானே மூண்டாம் மாடியில முன்னுக்கு நிண்டு பாடுறது?" என்றாள். "உங்கட குரல் குசினி யன்னலுக்கால வடிவாக் கேக்கும்."

பெயர் ஜெயராணி. இலங்கையில் திருகோணமலைப் பக்கம்; சமையலறையை அங்கே குசினி என்பார்கள். கிரேஸ் வீட்டில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் நாலு மாதம். புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள் தங்கையிடம். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் காலையில் கோவிலுக்கும் மாலையில் ஜெபத்துக்கும் போவதால், அன்றுதான் அவளுக்கு நகர முடியாத நாள். வந்ததிலிருந்து ஒருநாள் கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. இதையெல்லாம் லிஃப்டுக்கு வெளியே, மூன்றாம் மாடி நடையில் நின்று சொன்னாள். மூன்றாவது வரி ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். அவர்கள் ஊர்க் கோவிலில் அந்தப் பாட்டை அப்படித்தான் பாடுவார்களாம். கட்டடக் கிணற்றுக்குள் முழங்கி வரும் வார்த்தையைக் காதில் வாங்கி, பிறகு பாடுவதால் பிந்துகிறதாம். முப்பத்தோரு வருடப் பாடகர் குழுத் தலைவனுக்கு இரண்டுமே தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழம அஞ்சு மணி வரும் எண்டுதான் ஐயா மற்ற நாளெல்லாம் தள்ளுறன். அழுக வந்தா, வெள்ளிக்கிழம பாடலாம் எண்டு அடக்கிப்போடுவன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ சொன்னார்களாம், மேடம் இனி யன்னலைத் திறக்கக் கூடாது என்றுவிட்டார் என்றாள்.

சொன்னது யாரென்று அவள் கேட்கவே இல்லை. நானாக வாயைத் திறந்து, "யாருன்னு தெரியலையேம்மா" என்றேன். குபூஸ் கட்டு கையில் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டிவிட்டு மறுபடி லிஃப்டில் ஏறினாள்.

வீட்டுக்குள் போய் ஷீலாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்தே பார்க்காமல், "தெரியும்பா. கிரேஸ் அக்கா வீட்டு ஆள்னு எல்லாருக்கும் தெரியும். சொன்னா அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னு யாரும் சொல்லல" என்றாள். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லலாமே என்றதற்கு டேனியல் பயந்துவிட்டான். ஆல்பர்ட் மனம் கோணினால் அவனுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமோ என்னவோ. மாமா, நீங்கள் சனிக்கிழமை போய்விடுவீர்கள், நாங்கள் இங்கே இருக்க வேண்டுமே என்றான். அது நியாயம்தான். இரண்டு நாள் அந்த நியாயத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வெள்ளி, மாலை 5.00. பாடினோம். சமையலறைச் சன்னலை நானே அகலத் திறந்து வைத்திருந்தேன். குரல் வரவில்லை. யாரும் பிந்தாமல், யாரும் இறங்காமல், சுத்தமாக இருந்தது பாட்டு. எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை. ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம் என் முறை வந்ததும் எழுந்தேன்.

"போன வாரம் கேலி பண்ணுதாங்கன்னு சொன்னேன்லா. அது தப்பு. மேல ஒரு பிள்ள, கைக்குழந்தையை வச்சிக்கிட்டு, நம்மகூட ஆராதனை பண்ணிட்டிருந்திருக்கு. நான் அத நிப்பாட்டிட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

டேனியல் கண்ணை மூடிக்கொண்டான். ஆல்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிரேஸ் எழுந்து வெளியே போனாள். சரி, உறவு முறிந்தது, மருமகனின் வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் விண்ணப்பம் சொன்னார். என் காதில் ஏறவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஜெயராணி தனியாக நின்றாள். ஈரக்கையைத் துடைத்தபடி, "மேடம் பிள்ளையோட நிக்கிறா. என்னைப் போகச் சொன்னவ" என்றாள். ஷீலா அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பாடினோம். மூன்றாவது வரியில் நானும் அவளோடு கீழே இறங்கினேன். மற்றவர்கள் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கிரேஸின் குரல். அரை வரி பிந்தித்தான் வந்தது.

கூட்டம் முடிந்ததும் செருப்பு கிடக்கும் இடத்தில் ஜெயராணியை நிறுத்தி, அன்று தொந்தரவு என்று சொன்னவன் நான்தான், மன்னிச்சிக்கம்மா என்றேன்.

"தெரியும் ஐயா. அண்டைக்கு நீங்க சொன்னது கேட்டது. உங்கட குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அப்படியானால் லிஃப்டில் நான் பொய் சொல்லும்போதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு நோகக் கூடாதென்று 'யாரோ' என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒண்டு கேக்கட்டா ஐயா? மறியலுக்குள்ள தொழுமரத்தில கால் மாட்டிக்கிடந்த அவை ரெண்டு பேரும் பாடத் தொடங்கின இடம்வரைக்கும் உங்கட பிரசங்கம் கேட்டது. பிறகு யன்னல் பூட்டியாச்சு. கதை எனக்குத் தெரியும். அதுக்கு நீங்க என்ன சொன்னனீங்கள் எண்டுதான் தெரியாது. ஒரு கிழமையா அதையே யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

பூட்டியதையெல்லாம் தேவன் திறப்பார் என்றுதான் அன்று சொல்லியிருந்தேன். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"மறந்துபோச்சும்மா" என்றேன்.

சனி, காலை 9.00. மங்காஃப் மண்ணின் நிறத்தில் பின்னால் போனது. எழுபது வீடுள்ள அந்தக் கட்டடத்தில் ஆறாம் மாடிச் சன்னல் எதுவென்று காரிலிருந்து தேடினேன். சமையலறைச் சன்னல்கள் வெளியே தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு, காலை 6.30, நாசரேத். எங்கள் கோவிலின் தெற்குச் சுவரில் ஒன்பது சன்னல்கள். அந்தப் பக்கம் தெருவில் காய்கறிக் கூடைக்காரிகள் உட்காருவார்கள். பாட்டு நடுவே அவர்களும் சேர்ந்து இழுக்கிறார்கள் என்று பல வருடத்துக்கு முன்பே ஒன்பதையும் அடைக்கச் சொன்னவன் நான். அன்று விடிந்ததும் போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கொண்டி துருப்பிடித்திருந்தது. மணியடிக்க வந்த கோவில்குட்டி தாசன் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சார், காத்து வரலையோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அது மூன்றாவது பொய்.