அப்பா அடிக்கிறாரு

"அம்மா, அப்பா அடிக்கிறாரு!" என்று என் மகள் மூன்று வயதில் கத்தியபோது, பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் ஓடிவந்தாராம். நான் ஊருக்கு வந்து மனைவிமேல் கைநீட்டிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். வந்து பார்த்தால் அடித்துக்கொண்டிருந்தது போன். அந்த மணிச்சத்தம்தான் மகளுக்கு அப்பா. டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. கொழும்பில் துணிக்கடை வேலையில் இருந்த நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்று யாராவது அதை ஞாபகப்படுத்தினால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவேன். அவள் தாயின் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் திரும்பிப் போய் போனில் கூப்பிட்டால் மட்டும் பள்ளிக்கூடம், பூனைக்குட்டி என்று வாய் ஓயாது. பதினாறு வயதில் அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பி, ஹட்டனில் ஒரு கடையில் சேர்ந்தேன். வந்தும் என்ன பிரயோசனம்? கொழும்பு நண்பர்களோடு அரட்டை, வீடியோ என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் தலை போன்மேல் கவிழ்ந்தே கிடந்தது. "கொழும்புல இருந்தப்பவாச்சும் எங்ககூட பேசுனீங்க," என்றாள் மனைவி. சுருக்கென்றது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள், "இல்லங்கப்பா" என்றாள், விருந்தாளியிடம் பேசுவது போல. பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த நாட்களில்தான் என் பழைய கொழும்பு முதலாளியிடம் அவளுக்கும் ஒரு வேலை சொல்லிவைத்தேன். பரீட்சை முடிவு நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனாலும் மேலே படித்து என்ன ஆகப்போகிறது என்று நானாகவே தீர்மானித்தேன். சொன்னபோது தரையைப் பார்த்தபடி நின்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் மாலை, தாயின் போனைக் கையில் பிடித்தபடி வந்து, "அப்பா, ஒங்க போன கொஞ்சம் ஆன் பண்ணுங்க," என்றாள். வாசலைத் தாண்டி, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போனாள். என் போன் அடித்தது.

"அப்பா, நான் கொழும்புக்குப் போகலப்பா. படிக்கிறேன்பா. நீங்க போன மாதிரி நானும் போகணுமா?" மூச்சு விடாமல் பேசினாள். டீச்சர் என்ன சொன்னார், எந்தப் பாடம் பிடிக்கும், முந்தின ராத்திரி எப்படி அழுதாள் எல்லாம் வந்தது. இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து கேட்டு எனக்குக் கிடைக்காத பேச்சு. "சரிம்மா, போக வேணாம். படி," என்றேன்.

இப்போது கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு படிக்கிறாள். மாலையில் நான் போனைத் தொடுவதில்லை, அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். மழையைப் பற்றிச் சொல்கிறாள், பஸ் பிந்தியதைப் பற்றிச் சொல்கிறாள். மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும், நான் கடைக்குப் பஸ் ஏறும்வரை காத்திருந்து போனில் கூப்பிடுகிறாள். வீட்டில் இருக்கிற அப்பா அவளுக்கு இன்னும் பழகவில்லை.