அப்பா எழுதிய என் அறிமுகம்

என்னைப் பற்றி நூறு சொற்கள் எழுத எனக்குத் தெரியாது என்பது, சொந்தமாகப் பிசியோதெரபி செய்யத் தொடங்கிய வசந்தத்தில்தான் விளங்கியது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிகிச்சை நிலையமொன்றில் மூன்று மாதத்துக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். அதற்குள் என்னிடம் ஆட்கள் வரவேண்டும். வராவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும். நிலையத்தின் இணையத்தளத்தில் படத்துக்குக் கீழே இருக்கும் அறிமுகத்தை வாசித்துத்தான் யாரிடம் போவது என்று சனங்கள் முடிவெடுப்பார்கள்.

பதினொரு வருட அனுபவம், காட்டில் நடக்கப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். நிலையத்தை நடத்துபவர்களில் ஒருத்தியான நோர்வேஜியப் பெண், "இது யாராகவும் இருக்கலாம். இதில் நீ எங்கே?" என்றாள். சரி என்று, முழங்கால் சிகிச்சையில் மிகச் சிறந்தவள் என்று அடுத்ததில் எழுதினேன். அதை வாசித்தவளுக்கு முகமே சிவந்துவிட்டது. "இங்கே யாரும் தங்களைப் பற்றி இப்படிச் சொல்லமாட்டார்கள்" என்றாள். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே தலை சுற்றியது.

மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் அப்பாவிடம் போனேன். அப்பா எழுத்தில் கெட்டிக்காரர். இங்கிருக்கும் எங்கள் தமிழ் ஆட்களில் யார் செத்தாலும், மரண அறிவித்தல் எழுதித் தரச்சொல்லி அவருக்குத்தான் முதல் போன் வரும். போவதற்கு முன் அதை நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அரை மணித்தியாலத்தில் தாளை நீட்டினார். ஒஸ்லோவைப் பிறப்பிடமாகவும் லோறென்ஸ்கூக்கை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் பாசமிகு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னின்னாரின் மைத்துனி என்று ஒரு பக்கம் போயிருந்தது. மரண அறிவித்தல்களின் முடிவில் வரும், உற்றார் உறவினர் அனைவரும் இதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது மட்டும்தான் குறை என்று நினைத்தேன். தாளைத் திருப்பினால் அதுவும் இருந்தது.

"அப்பா, நான் இன்னும் சாகேல்லை!" எனக்குச் சரியான கோபம்.

"அதுக்கென்ன பிள்ளை? ஆள் ஆரெண்டு சொல்ல வேண்டாமே?"

"என்ரை வேலை எங்கை இதிலை?"

தாளை என்னிடமிருந்து வாங்கினார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தார்: 'தகப்பனின் முழங்காலை ஆறு மாதம் பொறுமையாகப் பார்த்து, அவரை மறுபடியும் படியேற வைத்தவர்.'

நான் படிப்பை முடித்த வருடம் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. பின்னேரங்களில் அவர் ஏச ஏச, காலை மடக்கி நீட்டுவேன். அதை நான் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. அது தொழிலா, மகள் செய்கிற காரியமா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் அந்த வரியை நோர்வேஜிய மொழியில் முதலில் போட்டு, பதினொரு வருடத்தை அதன் கீழே வைத்து அனுப்பினேன். அந்த நோர்வேஜியப் பெண் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அடுத்த கிழமை முதல் ஆளாக ஒரு நோர்வேஜிய முதியவர் வந்தார். உட்கார முன்னமே, "உங்கள் அப்பா இப்போது எப்படி நடக்கிறார்?" என்று கேட்டார். பிறகு வந்தவர்களிலும் பாதிப்பேர் அதையே கேட்டார்கள். இவர்கள் என்னைத் தேடி வருகிறார்களா, அப்பாவைத் தேடியா? எப்படியோ, மூன்றாம் மாதம் அறை எனக்கு என்று உறுதியானது.

செய்தி சொல்லப் போனபோது, அப்பா இணையத்தளப் பக்கத்தை அச்செடுத்துத் தன் மரண அறிவித்தல் கோப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ளை வையாதேங்கோ!" கோப்பைப் பறித்தேன். மேலே இருந்த தாளில் அவருடைய பெயர். இறந்த திகதி மட்டும் எழுதவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கியவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

"உங்கடை வேலை எங்கை அப்பா இதிலை?" என்று கேட்டேன்.

"கடைசி வரியைப் பார்."

வேறு பேனையால் புதிதாகச் சேர்த்திருந்தார்: 'மகளின் முதல் நோயாளி.'