எஸ்தருக்குப் பிறகு எழுதிய தாள்

சென்ற ஆண்டு, ஆகஸ்ட் மாதம், இரண்டாம் ஞாயிறு.
காலை 6.40: நெஞ்சு கனக்கிறது என்றாள் என் மனைவி எஸ்தர்.
6.45: போதகருக்குத் தொலைபேசினேன்.
7.10: போதகர் வந்து, அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்.
7.25: எங்கள் இரு பிள்ளைகளும் பிறந்த நர்சிங் ஹோமை அடைந்தோம்.
7.50: மாரடைப்புக்கு அங்கே சிகிச்சை இல்லை, வேறிடம் கொண்டுபோங்கள் என்றார்கள்.
8.20: வழியில், ஆம்புலன்ஸில், மூச்சு நின்றது.

போதகர்மீது குறையில்லை. ஜெபித்த பின்னரே நோயாளியை வீட்டுப்படி இறக்குவது லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையாரின் வழக்கம். அவரை அழைத்துவிட்டுக் காத்திருந்தவன் நான். பிரசவம் நன்றாகப் பார்த்த இடம் இதயத்தையும் பார்க்கும் என்று நம்பியவனும் நானே. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன், தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

மூன்று மாதங்கள் என்னால் ஜெபிக்க இயலவில்லை. பிறகு ஒரு காலை முழங்காற்படியிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: கர்த்தாவே, எங்கள் சபையில் இன்னொரு வீடு இந்த அறியாமையால் இருண்டுபோக விடாதேயும்.

எழுந்ததும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டார மருத்துவமனைகளில் ஏறி இறங்கினேன். மாரடைப்புக்கு எது, பக்கவாதத்துக்கு எது, ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கேன் எடுப்பார்களா என்று விசாரித்தேன். வரவேற்பறைப் பெண் ஒருத்தி, "பேஷன்ட் யாரு சார்?" என்றாள். இன்னும் யாருமில்லை என்றேன். சபைச் செயலாளர், "புரொபசர் ரிட்டையர் ஆகியும் விடல, இப்ப ஆஸ்பத்திரிங்களுக்குப் பரிட்சை வைக்கிறாரு" என்று சிரித்தார். விடைகளை ஒரே தாளில் எழுதி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தாளின் உச்சியில் ஒரு வரி: முதலில் தொலைபேசியில் கேளுங்கள், வண்டியில் ஜெபியுங்கள்.

இவ்வாண்டு லெந்து எனும் தவக்கால நாட்களில் ஒரு செவ்வாய்ப் பிற்பகல், எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அழைத்தாள். ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் அருளுக்கு வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் தெருமுனை கிளினிக்குக்குப் போகச் சொன்னார்களாம். அவள் இணங்கவில்லை.

"சார், உங்க தாள்ல மூணாவதா இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயினு இருக்கோம். போன்ல கேட்டுட்டேன், ஸ்கேன் இருக்குதாம், டாக்டரும் இருக்காராம். பாஸ்டர இன்னும் கூப்பிடல. நான் வண்டியிலயே ஜெபம் பண்றேன், நீங்க வீட்ல பண்ணுங்க."

முழங்காலிட்டேன். கர்த்தரிடம் அருளின் பெயரை மட்டும் சொன்னேன். அடைப்பைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவதற்குரிய நேரத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று மருத்துவர் சொன்னதை மாலையில் அறிந்தேன். உயிர்த்தெழுதல் ஞாயிறன்று அருள் பாட்டுப் புத்தகத்தை வலக்கையிலேயே பிடித்து நின்றார். கை சற்று நடுங்கியது. பிடி விடவில்லை.

பெருமை ஆகாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஆயினும் ஸ்டெல்லாவைக் குறித்து நான் கொள்ளும் பெருமையை மறைக்கமாட்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவள், நான் தவறிய தேர்வில் தேறினாள். கேட்டபடியே ஆண்டவர் தந்தார். ஆகவே, அன்பானவர்களே, அவரை நம்புங்கள். நம்பிக்கையோடு முன்கூட்டியே விசாரித்தும் வையுங்கள். விசாரிப்பது அவிசுவாசம் அல்ல.

இன்னும் செய்யாதவை:
தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாளைக் கன்னடத்திலும் எழுதித் தெருவார் அனைவருக்கும் கொடுப்பது.
குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை எங்கே என்று கேட்டறிவது.
தாளில் வெறுமையாக விட்ட முதல் வரிசையை நிரப்புவது. பிள்ளைகள் பிறந்த அந்த நர்சிங் ஹோமுக்கு மட்டும் நான் இன்னும் போகவில்லை. அன்று கழற்றிவைத்த எஸ்தரின் மூக்குக்கண்ணாடி அங்கேதான் இருக்கிறது.