ஒரு கையால் பூச்சி கட்டிய தங்கராசு சார்

செவ்வாய்க்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கராசு சாரின் மைத்துனர் பேசினார். "சார், மாமாவை லாரி அடிச்சுப் போட்டுடுச்சு. பெரியாஸ்பத்திரிக்கு வாங்க." அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி, அவரைச் சைக்கிளோடு நசுக்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அவர் எங்கள் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியர். பக்கத்து வகுப்பில் நான் பல வருடங்கள் கணக்கு நடத்தினேன். கோபக்காரர். ஒருமுறை அவர் வீசிய சுத்தியல் கதவில் குத்தி நின்றது. தலைமையாசிரியர் கேட்டதற்கு, "கதவுக்குத்தான் சார் அடி, ஆளுக்கில்ல" என்றார்.

விடுமுறை நாட்களில் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். புழு கோக்க மாட்டார். கொக்கியின் மேல் சேவல் இறகை நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவார். தண்ணீர்மேல் அதை இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும்.

தொண்ணூற்றெட்டில், குரும்பலூர்ப் பக்கத்து ஏரியொன்றில் குத்தகைக்காரரின் ஆட்கள் கல்குவாரி வெடியைப் போட்டு மீன் பிடித்தார்கள். குஞ்சும் குளுவானுமாக ஏரியே வெள்ளையாக மிதந்தது. சார் போலீசில் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு பட்டப்பகலில் மூன்று பேர் அவரை மதகுக்கு இழுத்துப் போனார்கள். ஒருவன் மார்மேல் உட்கார்ந்தான். செல்வம் என்பவன் இரும்புக் குழாயை ஓங்கிக்கொண்டு கேட்டானாம்: "எழுதுற கை எதுங்க வாத்தியாரே? அதை வுட்டுடறோம். பொழப்பு பாக்கணும்ல?"

இடது கையைக் கல்லில் வைத்து அடித்தார்கள். ஏழு அடி வரை எண்ணியதாகச் சொன்னார். எலும்பு சேர்ந்தது, விரல்கள் திரும்பி வரவில்லை. காய்ந்த இஞ்சி போல் மடங்கிக் கிடந்த அந்தக் கையை அதன்பின் ஒரு துண்டால் மூடியே வைத்திருந்தார்.

பூச்சி கட்டுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதற்கு மேசையோரத்தில் முடுக்கி வைக்கும் வைஸ் என்ற பிடி வேண்டும். சாதாரண வைஸ் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். நாம்தான் நூலை அதைச் சுற்றிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவர வேண்டும். இரண்டு கையும் தேவை. சுழலும் வைஸ் வேறு. தையல் மிஷினில் பாபினுக்கு நூல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் நின்ற இடத்தில் நிற்கும், பாபின்தான் சுழலும். அப்படித்தான் இதுவும்.

வெளிநாட்டு வைஸின் விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாதது. திருச்சியில் மலிவாக ஒன்று வாங்கி வந்தோம். முதல் சுற்றிலேயே கொக்கி தெறித்து அவர் புருவத்துக்குக் கீழே ஏறியது. ரத்தம் வழிய வழிய வைஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். காரை பெயர்ந்து விழுந்தது. ஆத்திரம் அடங்கியபின் சொன்னார்: "பளபளப்பைப் பாத்து ஏமாந்துட்டோம் சார். கொக்கியைக் கவ்வுற பல்லைப் பாத்திருக்கணும். கொக்கியை மாட்டிக் கட்டைவிரலால அமுக்குனா கம்பி வளையணும், நழுவக் கூடாது. சுத்தி வுட்டா கொக்கித் தண்டு ஆடாம ஒரே எடத்துல நின்னு சுத்தணும்."

கடைசியில் அரியலூர் லேத் பட்டறையில் அவரே ஒன்று செய்துகொண்டார். சைக்கிள் முன்சக்கரத்தின் அச்சும் குண்டுகளும், கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் சின்னப் பிடி ஒன்றும், வளைத்த ஒரு கைப்பிடியும்தான் அதன் உறுப்புகள். இடது முன்கையால் தள்ளினால் சுழலும். வலது கை நூலைப் பிடித்துக்கொள்ளும். கட்டிய பூச்சிகளை நண்பர்களுக்குக் கொடுத்தார். அடித்த மூவர் மேலும் அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது; பூச்சிகளில் ஒன்று எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய்ச் சேர்ந்தது.

கூண்டில் நின்ற சாரிடம் வக்கீல் அதை நீட்டினார்.

"இது நீங்க கட்டினதா?"

"ஆமா."

"எப்போ?"

"போன மாசம்."

"ரெண்டு கையும் நல்லாயிருந்தாத்தான் இதைக் கட்ட முடியும். உங்க கைக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிறீங்கன்னு சொல்றேன்."

"வாத்தியாரு கை நல்லாத்தான்யா இருக்கு" என்று செல்வம் சிரித்தான். ஒரு கையாலேயே கட்டியதாகச் சார் சொல்ல, அடுத்த வாய்தாவில் அப்படிக் கட்டிக் காட்டும்படி நீதிபதி சொன்னார். காட்டாவிட்டால் வழக்கு போய்விடும். அடித்தவர்கள் வெளியே, அடிபட்டவர் பொய்யர்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "ஊரு முன்னால இந்தச் செத்த கையத் தூக்கி வச்சுக்கிட்டு வித்தை காட்டணுமா? அவனை வெட்டிட்டு உள்ள போயிடறேன்!" நிஜமாகவே அரிவாளை எடுத்துவிட்டார். நான் எழுந்து வாசலை மறித்தேன்.

அவர் மனைவி சரோஜா அசையவில்லை. "வெட்டறது ஒத்தக் கையால முடியும்ல? அதே கையால கட்டிக் காட்டுங்க. வெட்டுனா அவன் ஒருதடவ சாவான். கட்டுனா தெனம் சாவான்."

அரிவாள் தரையில் விழுந்தது.

நீதிமன்ற மேசையில் வைஸை முடுக்கினார். பிறகு துண்டை எடுத்தார். பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். கொக்கியை மாட்டினார். நூல் வலது கையில், இறகின் நுனி பல்லில். உயிரில்லாத விரல்கள் தொங்கத் தொங்க முன்கையால் தள்ளினார்; கொக்கி சுழன்றது. பத்து நிமிடத்தில் பூச்சி உருவானது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பூச்சியை நீதிபதி முன் வைத்தார். செல்வத்தை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூவருக்கும் தண்டனை கிடைத்தது. எத்தனை வருடம் என்று அவர் கேட்கவே இல்லை. தீர்ப்பின் நகலை என்னிடம் கொடுத்து, "இடது கை நிரந்தரமாகச் செயலிழந்தது" என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, பிணவறை வாசலில் ஏட்டையா காயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். தலை, விலா, இடுப்பு. "இடது கை விரல்கள் நசுங்கி..." என்று எழுத ஆரம்பித்ததும், அதுவரை சுவரோரம் அழுதுகொண்டிருந்த சரோஜா அம்மா எழுந்து வந்தார்.

"அது லாரி இல்லீங்க. அந்தக் கைக்குத் தீர்ப்பு ஆயிடுச்சு. இதோட சேக்காதீங்க."

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, "பழைய காயம்" என்று எழுதினார். அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தபின்தான் மறுபடி உட்கார்ந்தார்.

போய் வாருங்கள், சார். உங்கள் கை பொய் சொல்லவில்லை என்று எழுதியே அனுப்பிவைத்திருக்கிறோம்.