கிரீஷைக் கேட்டு வந்த போன்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இதையே வேறொருவன் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய் ராத்திரியில் வரும் என்பார்கள். சூரியபிரகாஷாகிய எனக்கு வந்தது ஆபீஸ் நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

நானும் நண்பன் கிரீஷும் கடைத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், எழுதினோம். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை விண்டோஸ் வாசலிலேயே நிறுத்திவிடும். கையெழுத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிற அமெரிக்கக் கம்பெனி நம் செல்நம்பரை நம்பாது. பொதுப் பதிவில் இருக்கும் நம்பருக்கே அழைத்து, விண்ணப்பித்தவரிடம் பேசும். பதிவில் இருந்தது, சிம்மக்கல்லில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய ஆபீஸின் லேண்ட்லைன். விண்ணப்பித்தவன் கிரீஷ்.

மறுவாரமே சோழவந்தான் சாலையில் லாரி மோதிப் போய்விட்டான்.

"புதுசா விண்ணப்பிச்சா மாசக்கணக்காகும் அண்ணா. அதுவரைக்கும் கடைக்காரங்க காத்திருக்க மாட்டாங்க. கம்பெனியை மூடிட வேண்டியதுதான்," என்றாள் அவன் மனைவி பிரியம்வதா.

"நான் வேணா அவன் மாதிரிப் பேசிரவா?"

"உங்களுக்கு அவர் குரல் வராது." யோசித்தாள். "மூக்கால பேசிப் பாருங்க."

அந்த அழைப்புக்காகச் சிம்மக்கல் ஆபீஸில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பழகினேன். கிரீஷ் பார்த்திருந்தால் உருண்டு சிரித்திருப்பான். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அது நடிப்பில்லை.

வெளியே டவுன் பஸ் ஹாரன். ஆட்டோ. அப்புறம்... திடீரென்று எதுவுமே கேட்கவில்லை.

ட்ரிங்...

எடுத்தேன். அமெரிக்க இங்கிலீஷுக்குப் பயந்திருந்தேன். பெண் குரல். நல்ல தமிழ். அப்பாடா.

"கிரீஷா?"

வாயைத் திறந்தேன்.

"ஆமா, கிரீஷ்தான்."

நான் பேசவில்லை.

ரிசீவருக்குள்ளிருந்து வந்தது. கிரீஷின் அதே மூக்குக் குரல்.

"சூரியபிரகாஷ்... உங்ககூட வேலை பாத்தவரா?"

"ஆமா. பக்கத்துலதான் இருக்கான்."

என் பிடரியில் மூச்சு. சில்லென்று...

"எப்பக் கூட்டிட்டு வாரீங்க?"

"மாப்ளைய நானே கூட்டிட்டு வாரேன்."

டக்.

ஓடினேன். செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கோச்சடை வீட்டில் பிரியம்வதாவிடம், "போன் வந்துச்சும்மா," என்று மட்டும் சொன்னேன். அழுதுவிட்டாள்.

"கிடைச்சிரும்ல அண்ணா?"

சாயங்காலம் சான்றிதழ் கம்பெனியின் மெயில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறார்களாம். எங்கள் விண்ணப்பத்தை இன்றுதான் கையில் எடுத்தார்களாம்.

இதுவரை அவர்கள் எங்களுக்கு அழைக்கவே இல்லையாம்.

நாளை அழைப்பார்களாம். அதே நம்பருக்கு.

பிரியம்வதா சிம்மக்கல் சாவியை எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறாள்.