மறுபக்கக் கைப்பிடி

இசைக்கருவிக் கடைக்காரருக்கு இருந்த ஒரே மனக்குறை, பேஸ்காரர் திருந்திவிட்டார் என்பதுதான். முப்பது வருஷமாகக் கடைக்குள் காலை வைத்தால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொள்ளாமல் வெளியே போகாத மனிதர். இப்போது வருகிறார், ஸ்டூலில் உட்கார்கிறார், டீ குடிக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார், கையை வீசிக்கொண்டு போய்விடுகிறார். ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

வார நாட்களில் பேஸ்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நாலைந்து பேரோடு சேர்ந்து பேஸ் கிட்டார் வாசிப்பார். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று போய்க்கொண்டே இருக்குமே, அது. பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரரைப் பார்ப்பார்கள், பேஸ்காரரை அவர் பெண்டாட்டி பார்த்தால் உண்டு. ஒருவரும் பார்க்காத ஏக்கமோ என்னவோ, சாமான் வாங்குகிற பைத்தியம் இந்தக் கூட்டத்துக்கு ஒரு பிடி அதிகம்.

நம்முடையவருக்கு இரண்டு பிடி. சத்தத்தைக் குழைக்க ஒரு பெடல், கரகரப்பாக்க ஒரு பெடல், இரண்டையும் சேர்த்து மிதித்ததால் வந்த குளறுபடியைச் சரிசெய்ய மூன்றாவதாக ஒரு பெடல். ஆறு கம்பி வைத்த பேஸ் ஒன்று வாங்கினார். அதில் ஆறாவது கம்பியை அவர் தொட்டதெல்லாம் துணியால் துடைக்கும்போதுதான். தங்க முலாம் பூசிய திருகாணிகள் வாங்கி, தங்கம் சத்தத்தில் தெரிகிறது என்று சத்தியம் செய்தார். வாங்கியதையெல்லாம் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைப்பார். பெண்டாட்டி சண்டைக்கு நிற்கிறவள் இல்லை. எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில் வைத்து, "இது என்னங்க, புது உப்பு டப்பாவா?" என்று கேட்பாள். அதற்குப் பதில் அடியே தேவலை.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றோடு அந்த ஆசையும் போயிற்று. யோசித்துப் பார்த்தால் அவருக்கே ஆச்சரியம்தான். எத்தனை நாள் அவள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள், அப்போதெல்லாம் விடாத பைத்தியம்! ஒளித்து வைப்பதற்கு ஒருத்தி இல்லாத வீட்டுக்கு எதை வாங்கிப் போய் என்ன செய்வது? கடைக்காரரிடம் இதைச் சொல்லவா முடியும்? "இருக்கறதே போதும் சார்" என்பார்.

எல்லாச் சாமானையும் ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். மிஞ்சியது ஒரு பழைய பேஸும், பீரோவும். பீரோ என்பது வீட்டார் வைத்த பெயர். உண்மையில் அது எட்டு ஸ்பீக்கர் அடைத்த ஒரு ராட்சசப் பெட்டி, மார்பு உயரம் இருக்கும். இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. தனி ஆளாக அதை அசைக்கக்கூட முடியாது. இரண்டாவது மாடியிலிருந்து ஞாயிறுதோறும் அது இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்து, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், "பாவம், இவங்களுக்கு எந்த வீடும் ஒத்துவரல போல" என்றாளாம்.

ஒரு கைப்பிடி பேஸ்காரருடையது. மற்றது அவர் மைத்துனனுடையது, பெண்டாட்டியின் தம்பி. பஸ் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை, தனிக்கட்டை, சொந்தமாக ஒரு பழைய வேன். "அத்தானுக்கு ஒரு கை பிடிச்சு விடுடா" என்று அக்கா சொன்னாள். இருபத்தாறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். பெட்டியை மேடையில் இறக்கிவிட்டு வேனுக்குத் திரும்பி, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். படிக்கட்டில் எப்போதும் கீழ்ப்பக்கம் அவன்தான். பாரம் கீழே இருப்பவன் மேல்தான் விழும். முதல் நாளே சொல்லிவிட்டான்: "நீங்க விரலால பொழைக்கறவர். மேல இருங்க அத்தான்."

இருவரும் பேசிக்கொள்வதும் அந்த அளவுதான். "தூக்கு." "மெல்ல." "செவுரு, செவுரு." வேனில் போகும்போது வண்டியின் மைலேஜைப் பற்றி நாலு வார்த்தை. அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, இனி எதற்கு வாசிப்பது என்று பேஸ்காரர் கட்டிலிலேயே கிடந்தார். ஒன்பதரைக்குக் கதவு தட்டும் சத்தம். மைத்துனன் நின்றான். ஆறுதல் சொல்லவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. நேராகப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்க" என்றான். அவர் எழுந்து போய்த் தூக்கினார். அன்றைக்கு அவன் வராமல் இருந்திருந்தால் பேஸும் பரணுக்குப் போயிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் ஒன்றரை வருஷமாக ஆம்ப் என்கிற, சத்தத்தைக் கூட்டும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் காட்டிக் காட்டி ஆசைகாட்டிக்கொண்டிருந்தார். மூன்றே கிலோ, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், கூடத்தையே நிறைக்கும் சத்தம். "பீரோவ வித்துட்டு இதை எடுத்துக்கங்க சார், முதுகு பொழைக்கும்." அதில் அடிச்சத்தம் பற்றாது என்று பேஸ்காரர் மழுப்பினார். வாசித்துப் பார்த்தபோது எல்லாம் தாராளமாகப் பற்றியது. ஆனால் அதை வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் கதவு தட்ட யாருக்கும் காரணம் இருக்காது. அந்த ஒன்றுக்குத்தான் அவர் பயந்தார்.

ஒரு ஞாயிறு, படிக்கட்டின் உச்சியில் நின்று மைத்துனன், "இன்னைக்கு நீங்க கீழ போங்களேன் அத்தான்" என்றான்.

பேஸ்காரர் கைப்பிடியை விட்டுவிட்டார். "என்னடா உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"இருபத்தாறு வருஷத்துல நீ மேல நின்னதில்ல. சொல்றியா, டாக்டர்கிட்ட போவமா?"

கல்லுளிமங்கனிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. குடலிறக்கம். டாக்டர் இரண்டு தடவை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தும் இவன் போகவில்லை. சட்டைக்குள் ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பீரோ தூக்கியிருக்கிறான்.

"ஏன்டா போகல? மூளை இருக்கா உனக்கு?"

"பண்ணிக்கிட்டா அப்புறம் கனம் தூக்கவே கூடாதாம். அஞ்சு கிலோவாம், அதுக்கு மேல கூடாதாம்." அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப ஞாயித்துக்கிழமை?"

பேஸ்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டு அதிரத் திட்டினார். திட்டத் திட்டத்தான் இந்தத் தடியன் மேல் தனக்கு இவ்வளவு பிரியம் என்று அவருக்கே தெரிந்தது. மறுநாளே கடைக்குப் போய், கடைக்காரர் வாயைத் திறக்குமுன் அந்தச் சின்ன ஆம்பை வாங்கினார். வாழ்க்கையில் ஆசைப்படாமல் வாங்கிய ஒரே சாமான் அது. பீரோ ஒரு பள்ளிக்கூட இசைக்குழுவுக்குப் போனது, நாலு பேர் வந்து எடுத்துப்போனார்கள். அந்த வாரமே ஆபரேஷனும் நடந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்க ஒன்றும் இல்லாததால் பேச இருவருக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

மூன்று மாதத்தில் மைத்துனனுக்கு நன்றாகக் குணமாகி, பணிமனையில் டயர் கணக்கு எழுதுகிற இலகுவான வேலையும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "அதான் தோள்லயே மாட்டிக்கலாமே அத்தான்" என்றான். குரலில் குறை இல்லை, அதுதான் பேஸ்காரரைக் குடைந்தது. அதற்குப் பிறகும் நாலு ஞாயிறு அவர் தனியாக பஸ்ஸில் போய் வந்தார். பையில் ஆம்ப் இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார், அவ்வளவு லேசாக இருந்தது.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை கடைக்குப் போனார். "உங்ககிட்ட ரெண்டு பேர் தூக்கற மாதிரி ஏதாவது சாமான் இருக்கா?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்! "என்ன சைஸ்ல சார்?"

"சைஸ் எதுவா இருந்தாலும் சரி. ஆனா அஞ்சு கிலோவுக்கு மேல போகக் கூடாது."

"அஞ்சு கிலோவ எதுக்கு சார் ரெண்டு பேர் தூக்கணும்?"

"நீளமா ஏதாவது? ஒத்த ஆளால பிடிக்க முடியாத மாதிரி?"

"பின்னாடி ஒரு மூங்கில் ஏணி இருக்கு. அது விக்கறதுக்கு இல்ல." கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வேணுங்கறது சாமானா, ஆளா?"

பேஸ்காரர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் ஒன்பதரைக்கு அவர் போய் மைத்துனன் வீட்டுக் கதவைத் தட்டினார். தோளில் ஆம்ப், கையில் பேஸ். அவன் திறந்ததுமே பதறினான்.

"என்ன அத்தான், எதையாவது தூக்கணுமா?"

"ஒண்ணும் தூக்க வேணாம். நீ வா."

"வந்து?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வண்டி வேண்டும், முட்டி வலி, எதையாவது. நாக்கு நுனிவரை வந்த பொய்யை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீ வரலன்னா ஞாயித்துக்கிழமை எனக்கு நல்லா இல்லடா மாப்ள. அவ்வளவுதான்."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டான். வேனில் வழி நெடுக மைலேஜைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

ஹோட்டலில் அவனை வேனில் தூங்க விடாமல், மேடைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவன் முழுசாகக் கேட்கப்போகிற முதல் கச்சேரி. புதுச்சட்டை போட்டுக்கொண்டு பரீட்சைக்கு வந்தவன் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பாட்டில் பேஸ்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் கண்ணை மூடி, மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தாளம் கன்னாபின்னாவென்று தப்பு. ஆனால் அந்தத் தலையசைப்பு அச்சு அசல் அவன் அக்காவுடையது. பேஸ்காரருக்கு விரல் நின்றுபோனது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் நாலு அடி தவறி, ஐந்தாவதில் பிடித்துக்கொண்டார். பாடகர் திரும்பிப் பார்த்தார். சாப்பிடுகிறவர்கள் ஒருவரும் நிமிரவில்லை.

கூட்டம் கலைந்து, சிப்பந்திகள் மேஜைவிரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார்கள். பேஸ்காரர் மேடை விளிம்பில் உட்கார்ந்து, "எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். நீங்க வாசிச்சது எதுன்னுதான் எனக்குப் புரியல. நடுவுல ஒரு தரம் விட்டுட்டீங்களே, அப்பதான் புரிஞ்சுது. எல்லாரும் வாசிக்கறாங்க, பாடறாங்க, ஆனா என்னவோ இல்ல. அக்கா போனதுக்கப்புறம் நம்ம வீட்டுக்குள்ள வந்தப்ப எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

அவள் போன பிறகு அவன் அவளைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பேஸ்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சிப்பந்திகள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதார். மைத்துனனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவனும் அழுதான்.