பங்கருக்குப் பின்னால் ஒரு அடுப்படி

அலுமினியக் கதவும் ஜன்னலும் செய்து மாட்டுவது என் தொழில். போர்ட் பிளேயரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் யுத்தத்தைச் சின்னதாக்குவேன். டாங்கி, பீரங்கி, ராணுவ லாரி எதுவானாலும் அளவு பிசகாமல் முப்பத்தைந்தில் ஒரு பங்காக மாடல் செய்வேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வகுத்தல் கணக்கு எனக்கு ஒழுங்காக வந்ததே இந்தப் பொழுதுபோக்கில்தான். பசையும் பெயிண்டும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை, கப்பலில் அது தீப்பிடித்தால் பார்சலில் என் பெயர்தானே இருக்கும் என்று கவலைப்படுவேன்.

பழைய ராணுவச் சாமான்களும் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இங்கே இருந்த ஜப்பான்காரர்கள் விட்டுப்போனது இந்த மண்ணுக்குள் இன்னும் கிடக்கிறது. தென்னங்கன்றுக்குக் குழி வெட்டினால் ஏதாவது ஒன்று மண்வெட்டியில் தட்டும். என்னிடம் நசுங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்று, பெல்ட் கொக்கி ஒன்று, தோட்டாவின் வெற்றுக் கூடுகள் சில இருக்கின்றன. வெற்றுக் கூடு என்று தெரியும். ஆனாலும் அலமாரியில் அவற்றின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்கங்க. வேற சுவரு பாருங்க" என்றாள் மனைவி.

சௌல்தாரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜன்னல் மாட்டப் போனபோதுதான் ஜப்பான்காரர்கள் கட்டிய அந்தப் பங்கரை, அதாவது கான்கிரீட் பதுங்கறையைப் பார்த்தேன். கடற்கரையில் இருக்கும் பங்கர்களில் எல்லாம் காதலர்கள் பெயர் எழுதிவிட்டார்கள். இது ஓடையைப் பார்த்தபடி ஒரு வீட்டின் கொல்லையில் இருந்தது. உள்ளே ஆடுகள் இருந்ததால் யாரும் பெயர் எழுதவில்லை. துப்பாக்கி நீட்டும் இடுக்குகூட உடையாமல் அப்படியே இருந்தது. வீட்டுக்காரர்கள் அதன் பின்சுவரை ஒட்டித் தகரம் இறக்கி அடுப்படி கட்டியிருந்தார்கள். ஒரு சுவர் கட்டுகிற செலவு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க ஆரம்பித்தேன். அந்த வீட்டு அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்.

"என்ன சார், நாப்பு எடுக்குறீங்க?"

அளவுக்கு இங்கே எல்லோரும் நாப்பு என்றுதான் சொல்வோம். "சும்மாதான்க்கா. இதே மாதிரி சின்னதா ஒரு பொம்மை செய்யப்போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, காதில் பென்சில், கையில் டேப்.

"பொம்மையா?"

"ஆமாக்கா."

"அச்சா" என்றார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்பதற்கு இங்கே சொல்லும் அச்சா அது.

அவருடைய மருமகன் தோளில் துண்டோடு வந்தார். அந்த வீட்டோடு இருப்பவர். "சார் எந்த டிபார்ட்மெண்ட்?"

"டிபார்ட்மெண்ட் எல்லாம் இல்லைங்க."

"அப்ப கான்ட்ராக்டா?"

எனக்கு வியர்த்துவிட்டது. பொய் சொல்பவனுக்கு வருகிற வியர்வை எனக்கு உண்மை சொல்லும்போதும் வரும். அவசரமாக அளந்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இடுக்கின் உயரத்தைக் குறிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். அடுப்படியைக் காணோம். தகரங்களைக் கழற்றி மாமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா குடையைக் கல்லில் முட்டுக்கொடுத்துவிட்டு, அதன் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நாங்களே எடுத்துட்டோம் சார். நீங்க ஒண்ணும் எழுதிறாதீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குப் பட்டா உண்டு. பங்கர் நிற்கிற ஓடையோரக் கீற்று சர்க்கார் நிலம். அதை ஒட்டிய அடுப்படி கப்ஜா, அதாவது ஆக்கிரமிப்பு. டேப்போடு ஒருவன் வந்து அளந்தால் அடுத்து நோட்டீஸ் வரும், அதற்கடுத்து மெஷின் வரும். மெஷின் வந்தால் அடுப்படியோடு நிற்குமா, வீட்டையும் சேர்த்து இடிக்குமா என்று யாருக்குத் தெரியும்? நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர்களுக்கும் முன்னாலேயே கழற்றியிருப்பேன்.

"அக்கா, சத்தியமா நான் ஆபீஸ் ஆள் இல்ல. ஜன்னல் மாட்டுறவன்."

"சரி சார்" என்றார்.

மருமகன் எனக்கு உட்கார நாற்காலி போட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். நிஜமாகவே என்றைக்காவது சர்வே ஆட்கள் வந்தால் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகிவிடுமே என்றேன்.

"பொம்மையச் செஞ்சு கொண்டுபோய்க் காட்டுங்க. இப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் குடுக்குற ஆபீஸ் உலகத்துலயே இருக்காதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிரும்."

அவசரமாகச் செய்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சுவர், மரத்தூளில் மண், தேங்காய் நாரில் புல். இடுக்கின் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாயை நிறுத்தினேன். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் கேக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லிப் பட்டது போதும்.

அக்கா பெட்டியைத் திறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஐயோ தம்பி, நெசமாவே பொம்மைதானா! இந்த வயசுல என்ன தம்பி இதெல்லாம்?"

சார் போய்த் தம்பி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதி அதிக நேரம் நிற்கவில்லை.

"எல்லாம் இருக்கு. நம்ம வீடு எங்க?"

"அக்கா, இது ஜப்பான்காரன் இருந்த காலம். அப்ப உங்க வீடு இங்க இல்லையே."

மருமகன் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "ஆபீஸ்லயும் இதத்தான் சொல்றான்."

பங்கருக்குள் ஆடு ஒன்று கத்தியது.

"அடுப்படியையும் வெச்சுக் கொண்டாங்க தம்பி" என்றார் அக்கா. "வெறும் நெலமாக் காட்டுனா எங்களுக்குப் பக்குன்னு இருக்கு. யாராச்சும் பாத்தா இதுதான் நக்ஷான்னு நெனச்சுக்குவான்."

நக்ஷா என்றால் வரைபடம். அது வரைபடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அளந்து செய்ததை வேறு என்னவென்று சொல்வது?

எங்கள் பொழுதுபோக்கில் ஒரு மாடலுக்கு ஒரு காலம்தான். நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போல்ட் பிற்காலத்தியதாக இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தகர அடுப்படி வைத்தேன். கொடியில் நைட்டி காயப்போட்டேன். நீல நிறத் தண்ணீர் டிரம் வைத்தேன். பிறகு ஆடுகள். சிப்பாயை எடுத்துவிடலாமா என்று கேட்க அக்காவுக்கு போன் செய்தால், "நிக்கட்டும் தம்பி, ஆட்டைப் பாத்துக்குவான்" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. அடுப்படி என் மாடலின் காலத்தைச் சேர்ந்ததல்ல என்று அன்றைக்கு அதை அளக்காமல் விட்டிருந்தேன். இப்போது அளக்க அடுப்படி இல்லை. ஞாபகத்தை வைத்துத்தான் போட்டேன். சின்னதாகிவிட்டால் மனசு கஷ்டப்படுவார்களே என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று சொல்லி மாடலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்கள். அதற்குப் பிறகு பட்டறையில் வேலை அதிகம். அடுத்து நான் போனபோது அடுப்படி திரும்ப எழும்பியிருந்தது. பழைய தகரங்களோடு பளபளவென்று புதுத் தகரங்களும் இருந்தன.

"உங்க பொம்மைய வெச்சுத்தான் கட்டுனேன்" என்றார் மருமகன். "ஸ்கேல வெச்சு அளந்து, முப்பத்தஞ்சால பெருக்கிட்டேன். கரெக்டா வந்திருச்சு."

அவர் பன்னிரண்டாவது வரை படித்தவர். பெருக்கல் தப்பவில்லை.

நான் போட்ட தாராளம் முப்பத்தைந்து மடங்காகி ஓடைப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. முன்பு ஓர் ஆள் நிற்கிற அடுப்படி. இப்போது மிக்ஸிக்குத் தனி மேடை போட்டிருந்தார்கள். இனிமேல் உண்மையான ஆபீஸ் ஆள் டேப்போடு வந்தால் கூடுதல் கப்ஜா என்று எழுதுவார். வரைபடம் யார் கொடுத்தது என்று கேட்டால் அக்கா பெருமையாக என்னைக் காட்டுவார்.

"அக்கா, பழசவிடக் கொஞ்சம் பெருசா இருக்கே."

"ஆமா தம்பி. இப்பதான் திரும்பி நிக்க எடம் இருக்கு. ராத்திரி நல்லாத் தூங்குறேன்." அடுப்பிலிருந்து டீயை இறக்கினார். "நக்ஷா இருக்குல்ல, இனி என்ன பயம்?"

டீ நன்றாக இருந்தது. அளவு என் ஊகம் என்று சொன்னால் மறுபடியும் கழற்றிவிடுவார்கள்.

வெளியே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். நெடுநேரமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது. அவருடைய கக்கூஸும் அதே கீற்றில்தான் இருக்கிறதாம். அதையும் பொம்மையில் வைக்க முடியுமா என்று கேட்டார்.